ஜில்பேருக்காக அழுத பெண்கள்

விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் படக்கதை அந்நியமானதல்ல. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் கிளம்பியது சிவகாசியிலிருந்துதான். 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் அதே ஊர்தான். ராஜபாளையத்தில் என் மாமா தலைமுறை ஆட்கள் பழைய இதழ்களை பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து, ஏற்கெனவே பத்துத் தடவை படித்த கதையை மறுபடியும் படிக்கிற ஆட்கள் அவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே அந்தப் பெட்டி எனக்கும் திறந்துவிட்டது. மாயாவி, லாரன்ஸ், டேவிட் எல்லாருமே எனக்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்த எந்தக் கதையும் ஒரு பெண்ணின் மனசை நினைத்து எழுதப்பட்டதல்ல என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அதைப் பிடித்துக் கொடுத்தது ஜப்பானில் 1976-இல் வெளிவரத் தொடங்கிய ஒரு மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. இரண்டு பையன்களின் காதலைச் சொன்ன கதை அது.

2012, 2013 வாக்கில் நாங்கள் முதுகலை மாணவிகள். கல்லூரிப் பேருந்து ராஜபாளையத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போகும். பேச்செல்லாம் பேருந்தில்தான். சத்திரப்பட்டியிலிருந்து ஒருத்தி வருவாள். அவள் வீட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓடின. இன்னொருத்தி ராஜபாளையத்திலேயே வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வில்லிபுத்தூர்க்காரிக்குத் திருமுக்குளத்துப் பக்கம் வீடு. இவர்களோடு எங்கள் வகுப்புப் பையன் ஒருவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் எங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் படித்து முடித்திருப்பான்.

அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் அப்போதுதான் கைக்கு வந்திருந்தன. மேல்மூடியில் அரசு முத்திரை. அந்த முத்திரையில் இருப்பது எங்கள் ஊர்க் கோபுரம் என்று வில்லிபுத்தூர்க்காரி பெருமையாகச் சொல்லுவாள். அந்தக் கணினிகளுக்குள் பென் டிரைவ் வழியாக ஜப்பான் வந்தது. முதலில் வந்தது யோஷிகாசு யாசுஹிகோ 1987-இல் இயக்கிய ஒரு மணி நேர அனிமேஷன் படம். அதன் மூலக்கதையைத் தேடிப் போனபோது, ரசிகர்களே ஆங்கிலப்படுத்திய பக்கங்கள் கிடைத்தன. ஜப்பானியத் தலைப்பு 'காஸே தோ கி நோ உதா'. காற்றும் மரங்களும் பாடும் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். எழுதி வரைந்தவர் கெய்கோ தாகேமியா.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தெற்கு பிரான்சில் ஆர்ல் நகரத்துக்கு அருகே ஒரு விடுதிப் பள்ளியில் நடக்கிறது. ஜில்பேர் என்ற பையனைப் பள்ளியே வெறுக்கிறது, பள்ளியே பயன்படுத்திக்கொள்ளவும் செய்கிறது. அவன் அறைக்குப் புதிதாக வருகிறான் செர்ஜ். பிரபுவுக்கும் ரோமா இனப் பெண்ணுக்கும் பிறந்தவன். தோல் நிறத்துக்காக ஏச்சு வாங்குகிறவன். அவன் ஒருவன்தான் ஜில்பேரை மனுஷனாகப் பார்க்கிறான். பார்க்கப் பார்க்கக் காதலாகிறது. ஜில்பேர் அப்படி ஆனதற்குக் காரணம் சின்ன வயதிலிருந்தே அவனை வளர்த்த உறவுக்காரன் செய்த கொடுமை என்பது கதை போகப் போகத் தெரியவரும். அந்தக் கொடுமையைக் கதை மறைக்காமல் சொல்கிறது. சர்ச்சை எழுந்தது அதனால்தான். எங்களுக்குள் சண்டை வந்ததும் அதனால்தான்.

ஒரு பக்கம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று பையன் சொல்லிக்கொடுத்திருந்தான். மேலே வலது மூலையில் செர்ஜ் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு இடப்பக்கம் ஜில்பேரின் ஒற்றைக் கண். அதற்குக் கீழே கட்டங்களே இல்லை. கோடுகள் அறுந்து, முடியும் இலையும் காற்றும் ஒன்றோடொன்று கலந்து பக்கத்தின் அடிவரை ஓடுகின்றன. வசனம் கிடையாது. மாயாவி கதையில் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். இங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை. மனசு மட்டும் பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. சத்திரப்பட்டிக்காரி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இப்படியும் வரையலாமா?" என்றாள்.

இந்தக் கதை ஏன் இவ்வளவு பேருக்குப் பிடித்தது என்ற கேள்வியை முதலில் கேட்டதும் அவள்தான். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தோம். அந்தப் பதில்கள் அன்றைக்கு ராஜபாளையத்தில், வில்லிபுத்தூரில் பெண்பிள்ளையாக இருப்பது என்ன என்பதையும் சேர்த்தே சொல்லின.

தெலுங்குக்காரியின் பதில் சுருக்கமானது: "இதுல பொண்ணே இல்ல. அதான்." அவள் விளக்கியபோது பேருந்தே அமைதியானது போல் எனக்குத் தோன்றியது. எந்தச் சினிமாவில் ஒரு பெண் காதலித்தாலும் நம்மால் காதலைப் பார்க்க முடிவதில்லை. அவள் எங்கே மாட்டுவாள், அண்ணன் என்ன செய்வான், அப்பா தலை எப்படிக் குனியும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறோம் என்றாள். 2013 ஜூலையில் தருமபுரி இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்த செய்தி வந்திருந்த நேரம் அது. சாதி மாறிக் காதலித்த ஒரு பெண்ணின் பெயரை ஊர் ஊராகப் பேசினார்கள். எங்கள் வீடுகளில் அந்தச் செய்தி எங்களுக்கு எச்சரிக்கையாகவே வாசித்துக் காட்டப்பட்டது. காதல் என்று வாயைத் திறந்தாலே ஒரு பெண்ணின் உடம்பும் ஒரு குடும்பத்தின் மானமும் நடுவே வந்து நிற்கும். தாகேமியாவின் கதையில் அந்தக் காவல் இல்லை. ஆசை, பயம், பொறாமை, ஏக்கம் எல்லாம் எங்களுடையவைதான். மாட்டிக்கொள்ளும் உடம்பு மட்டும் எங்களுடையதல்ல. அதனால் முதல்முறையாகக் காதலை நேராகப் பார்க்க முடிந்தது.

ஜப்பானிலும் காரணம் இதேதான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுமிகளுக்கான படக்கதைகளை அங்கே வெகுகாலம் பெரும்பாலும் ஆண்களே எழுதினார்கள். எழுபதுகளில்தான் இருபது வயதுகளில் இருந்த பெண்கள் ஒரு கூட்டமாக உள்ளே வந்தார்கள். தாகேமியாவும் மோட்டோ ஹாகியோவும் டோக்கியோவின் ஓஇசுமி பகுதியில் ஒரு சின்ன வீட்டில் ஒன்றாகத் தங்கி வரைந்தார்கள். அவர்களுடைய தோழி நோரியே மாசுயாமா, அவர்களை ஹெர்மன் ஹெஸ்ஸேயைப் படிக்க வைத்தார். 'சித்தார்த்த'னால் தமிழ் வாசகருக்கு நெருக்கமான அதே ஹெஸ்ஸேதான். அவருடைய பள்ளிக்கூடப் பையன்களின் தனிமை இந்தப் பெண்களின் கதைகளுக்குள் வந்து சேர்ந்தது. ஹாகியோ 1974-இல் 'தாமஸின் இதயம்' எழுதினார்.

தாகேமியா தன் கதையோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு பையன்கள் படுக்கையில் இருக்கும் காட்சியோடு தொடங்கும் கதையைச் சிறுமிகளின் வார இதழில் போட ஆசிரியர்கள் தயங்கினார்கள். அங்கே இதழ்களில் வாக்கெடுப்பு அஞ்சலட்டை உண்டு. எந்தத் தொடர் பிடித்தது என்று வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும். அட்டைகள் குறைந்தால் தொடரை நிறுத்திவிடுவார்கள். கூடினால் எழுதுகிறவரின் பேச்சு எடுபடும். தாகேமியா முதலில் எகிப்தைக் களமாக வைத்து 'ஃபாரோவின் கல்லறை' என்ற சாகசத் தொடரை எழுதி, வாக்கெடுப்பில் மேலே வந்து, அந்தப் பலத்தில்தான் தன் கதைக்கு இடம் பிடித்தார். சிறுமிகள் அஞ்சலட்டையில் போட்ட ஓட்டுதான் அந்தக் கதையை அச்சேற்றியது. 1984 வரை அது தொடர்ந்து வந்தது; ஷோகாகுகன் பதிப்பகத்தின் மங்கா விருதையும் பெற்றது. கதை வெளிவருவதற்கு முன்பே, 1975 டிசம்பரில் டோக்கியோவில் ரசிகர்களின் படக்கதைச் சந்தையான காமிக் மார்க்கெட் முதல்முறை நடந்தபோது வந்த 700 பேரில் பெரும்பாலோர் மாணவிகள். அதிர்ச்சியைக் காட்டி யாரும் அந்தப் பெண்களை இழுத்துவிடவில்லை. அவர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

வில்லிபுத்தூர்க்காரியின் பதில்தான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. "அவனுக்கு நடந்தது நமக்குத் தெரியும். அதனாலதான் பிடிக்குது" என்றாள். கூட்டமான பேருந்தில் மேலே கை படுவதும், வீட்டில் சொன்னால் "நீ ஏன் அங்க நின்ன?" என்று கேட்பதும் எங்கள் எல்லாருக்கும் நடந்தவை. விசேஷ வீட்டுக்கு வந்தால் பெண்பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் உறவுக்காரர்கள் எந்தக் குடும்பத்தில் இல்லை? அம்மாக்களுக்குத் தெரியும், பேசமாட்டார்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. செய்தித்தாளில் படித்தோம். வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்க ஆளில்லை. இந்த நிலையில் ஒரு படக்கதை, கெடுக்கப்பட்ட பிள்ளையைக் கெட்ட பிள்ளை என்று ஊர் சொல்லுவதைப் பக்கம் பக்கமாகக் காட்டி, தப்பு அவனிடம் இல்லை என்று சொன்னது. கொடுமை செய்தவன் படித்தவன், அழகன், மரியாதையானவன் என்றும் சொன்னது. அவள் அழுதது அந்தப் பக்கங்களில்தான்.

சத்திரப்பட்டிக்காரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. கொடுமையைக்கூட இவ்வளவு அழகாக வரைந்தால் படிக்கிறவள் மயங்கிவிட மாட்டாளா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பின்னால் வந்த பல பிஎல் (பாய்ஸ் லவ்) கதைகளில், அதாவது ஆண்களுக்கிடையிலான காதல் கதைகளில், பலவந்தம் செய்கிறவனே கடைசியில் காதலனாகிவிடுவதை நானே படித்திருக்கிறேன். அவையும் பெரும் வெற்றி பெற்றவைதான். அவற்றை நான் தாங்கிப் பேசமாட்டேன். தாகேமியாவின் கதை வேறு. அங்கே கொடுமை செய்தவன் காதலனாக உயர்த்தப்படுவதில்லை; அவன் விட்டுச்சென்ற காயம் கடைசிப் பக்கம் வரை ஆறுவதுமில்லை. டோக்கியோ மாநகர அரசு 2010-இல் இளையோர் நலச் சட்டத்தைக் கடுமையாக்க முனைந்தபோது, தன் கதையையும் அது கட்டுப்படுத்திவிடும் என்று தாகேமியா வெளிப்படையாகக் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் அர்த்தம் இருக்கிறது. கொடுமையைச் சொல்லும் கதையையும் கொடுமையைக் கொண்டாடும் கதையையும் ஒரே கத்தரியால் வெட்டினால், வாயடைத்துப்போன பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரு வார்த்தையும் போய்விடும்.

பெண்கள் ஏன் ஆண் வேஷம் கட்டிக் காதலைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் எங்களுக்குள் வந்தது. இதற்குப் பதில் வில்லிபுத்தூர்க்காரியின் அப்பத்தாவிடமிருந்து கிடைத்தது. நாங்கள் மங்காவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. ஒருத்தர் இன்னொருத்தராக மாறி எழுதுவது சரியா என்று மட்டும் கேட்டோம். மார்கழியில் விடியுமுன் குளித்துத் திருப்பாவை முப்பதையும் மனப்பாடமாகச் சொல்கிறவர் அவர். பூத் தொடுத்துக்கொண்டே சொன்னார்: "பெரியாழ்வாரு யசோதையா நின்னு பாடலையா? ஆம்பளைதான அவரு? ஆண்டாளு இந்த ஊருல இருந்துக்கிட்டே ஆயர்பாடிப் பொண்ணா மாறலையா? மனசு எங்க போகணுமோ அங்க போகும் தாயீ." நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பெண் குரலில் உருகியவர்கள்தான். பக்திப் பாட்டும் பள்ளிக்கூடப் பையன்களின் கதையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. தன் குரலில் சொல்ல முடியாததை இன்னொருவர் குரலில் சொல்லும் வழி நமக்குப் புதிதல்ல என்பதைத்தான் அப்பத்தா காட்டினார்.

அந்த வழிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை எங்கள் வகுப்புப் பையன் சொன்னான். 2009 ஜூலை 2-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கொடுக்கை ஒடித்திருந்தது. 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, ஒருபால் உறவை மறுபடியும் குற்றமாக்கியது. மறுநாள் பேருந்தில் நாங்கள் ஜில்பேரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு திரும்பி, "எழுதினதும் பொண்ணு, படிக்கிறதும் பொண்ணு. இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டான்.

அவன் தன்னைப் பற்றி எங்களிடம் சொன்னது அதுதான் முதல்முறை. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பதில் தேடித்தான் கேட்டான். ஜப்பானில் இதே கேள்வியை 1992-இல் மசாகி சாதோ என்பவர் எழுப்பியிருந்தார். தன்பால் விருப்பமுள்ள ஆண் அவர். பெண்ணியவாதிகளின் சிற்றிதழ் ஒன்றில், எங்கள் வாழ்க்கையை எங்களுக்குச் சம்பந்தமில்லாத பொழுதுபோக்காக்கிவிட்டீர்கள் என்று பிஎல் எழுதும் பெண்களைப் பார்த்துக் குற்றம் சாட்டினார். பல வருடங்கள் நடந்த விவாதம் அது. சிலர் கோபப்பட்டார்கள். சிலர் தாங்கள் எழுதுவதையே திரும்பிப் பார்த்தார்கள். அந்த விவாதம் நடக்கும்போது ராஜபாளையத்தில் நாங்கள் கைக்குழந்தைகள். எங்கள் முறை எங்கள் பேருந்தில் வந்தது.

அதற்குப் பிறகு அவன்தான் பேசினான், நாங்கள் கேட்டோம். அவன் படித்த கதை நாங்கள் படித்த கதையிலிருந்து வேறாக இருந்தது. கடைசியில் செர்ஜும் ஜில்பேரும் பள்ளியை விட்டு பாரிசுக்கு ஓடிப்போகிறார்கள். வேலையில்லை, காசில்லை. ஜில்பேர் போதைக்கு அடிமையாகிச் செத்துப்போகிறான். எங்களுக்கு அது விதி, காவியச் சோகம். அவன் அப்படிப் பார்க்கவில்லை. "பாரிசுல அவங்களுக்குன்னு ஒரு ஆள் இல்ல. ஒரு வீடு, ஒரு அக்கா, ஒரு வாத்தியார், யாராவது ஒருத்தர் வாங்கன்னு சொல்லியிருந்தா அவன் செத்திருக்க மாட்டான்" என்றான். இந்தக் கதையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியானது ஒன்றில்லை.

2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வயதுவந்தோர் விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. அதைவிட எங்களுக்கு நெருக்கமாக வந்தது 2021. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசிப்பதை வீடு ஏற்காததால் சென்னைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குத் தங்க இடம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாமே முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பேசினார். ஜூன் 7-இல் உத்தரவு பிறப்பித்தார்: இப்படிப்பட்ட இணைகளைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது, ஒருவரின் பாலியல் விருப்பத்தைச் சிகிச்சை என்ற பெயரில் மாற்ற முயல்வதற்குத் தடை. ராஜபாளையத்திலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பயணம்தான். பையன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். அவன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். "பாரிசுல இல்லாத ஆளு சென்னையில இருந்திருக்காங்க" என்றான்.

ஒரு சர்ச்சைக்குரிய கதை ஏன் பரவுகிறது என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் என் பதில் இதுதான். கதையில் இருக்கும் அதிர்ச்சி வாசகரை ஒரு வாரத்துக்குத்தான் பிடித்துவைக்கும். ஐம்பது ஆண்டு ஒரு கதை நிற்கிறதென்றால், வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒன்றை அது சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். தாகேமியா இரண்டைச் சொன்னார். யாருடைய அனுமதியும் இல்லாமல் மனசு விரும்பும் என்பது ஒன்று; கெடுக்கப்பட்டவர் மேல் குற்றமில்லை என்பது மற்றொன்று. ஓஇசுமி வீட்டிலும் சத்திரப்பட்டித் தறி வீட்டிலும் பெண்பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் ஒரேபோலத் தேவைப்பட்டன.

உங்கள் வீட்டுப் பெண் இரவில் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கதையைப் படித்து அழுதால், பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதை என்னவென்று கேளுங்கள். அவள் சொல்லப்போவது கதை மட்டுமாக இருக்காது. அந்தக் கதைகளைப் படிக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்லுவேன். ஜில்பேருக்காக அழுங்கள், தப்பில்லை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில், துணைக்கு ஆளில்லாமல் இருக்கும் அந்த ஒருவர் யாரென்று பாருங்கள். அவர்களுக்கு அந்த ஒரு ஆளாக இருங்கள்.